ஒரு நொடியின் விலை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என்னிடம் முன்பு படித்த பிள்ளையொருவன் வீடு தேடி வந்தான். தோளில் காமிராப் பை. முகத்திலோ பரீட்சையில் தவறியவனுடைய களை. "ஸார், காமிராவை விற்றுவிடலாமென்று இருக்கிறேன்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கபடியானாலும் கால்பந்தானாலும் அவன் எடுக்கும் படங்களைக் கண்டு வியக்காதவர் எங்கள் ஊரில் இல்லை. எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளம் வாங்காமல், அழைத்த இடத்துக்குப் போய்ப் படமெடுத்துப் பிழைப்பவன்.

விஷயம் இதுதான். கபடிப் போட்டி நடத்திய சிலர் இரண்டாயிரம் ரூபாய்க்கு அவனை அமர்த்தினார்கள். பாடிப்போன வீரன், நாலு பேர் மேலே விழுந்து அமுக்கியிருக்க, நடுக்கோட்டை விரல் நுனியால் தொடும் கணத்தை அவன் பிடித்துவிட்டான். ஆறு மாதம் கழித்து அதே படம் ஒரு ஜவுளிக்கடையின் விளம்பரப் பலகையில் இருபதடி உயரத்தில் நின்றது. போய்க் கேட்டதற்கு, "அதுதான் பணம் கொடுத்துவிட்டோமே!" என்று பதில் வந்ததாம்.

"இது நியாயமா, ஸார்?"

"நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா?" என்றேன். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, படம் எடுத்தவனே பொதுவாக அதன் முதல் உரிமையாளன். ஆனால், ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமாயின், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை பணம் கொடுத்தவருக்கே போய்விடும். ஆகவே, அவன் இரண்டாயிரத்துக்கு விற்றது ஒருநாள் உழைப்பை மட்டுமல்ல. அந்தப் படத்தையே விற்றுவிட்டான்!

பையன் வாயடைத்துப் போனான். "அந்த இரண்டாயிரம் எந்தக் கணக்கில் வந்தது?" என்று கேட்டேன். "மற்றவர்கள் வாங்குவதில் ஐந்நூறு குறைத்துக்கொண்டேன், ஸார்."

அல்ஜீப்ரா வேண்டாம், நாலாம் வகுப்புக் கணக்கே போதுமென்று காகிதத்தை எடுத்தேன். காமிராவும் தூரத்து லென்ஸுகளும் ஆறு லட்சம். ஐந்து வருஷம் உழைக்குமென்றால் வருஷத்துக்கு 1,20,000. ரிப்பேர், இன்ஷூரன்ஸ், கம்ப்யூட்டர் வகையில் 60,000. குடும்பச் செலவு 3,60,000. ஆக 5,40,000. வருஷத்தில் வேலை கிடைக்கும் நாட்கள் தொண்ணூறு. வகுத்தால் நாளொன்றுக்கு 6,000. பிரயாணச் செலவு தனி. இரண்டாயிரத்துக்குப் போன ஒவ்வொரு நாளும் அவன் நாலாயிரம் ரூபாயைக் கைவிட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறான்!

"பொத்தானை அமுக்குவதற்கா இவ்வளவு?" என்று கேட்பார்கள். வாஸ்தவம், ஷட்டர் திறந்திருப்பது ஒரு நொடியில் ஆயிரத்திலொரு பங்குதான். ஆனால், அந்தப் பங்கு எப்போது வருமென்று அறிய எத்தனை வருஷம் மைதானத்து வெயிலில் காய வேண்டும்! ஆட்டம் முடிந்தபின், ஆயிரக்கணக்கான படங்களில் நல்லவற்றைப் பொறுக்கும் இரவு வேலையை யார் கணக்கில் எழுதுவது?

இது கூலிக் கணக்கு மட்டுமே. உபயோகத்தின் விலை வேறு. வீரனின் வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு ஒரு விலை. பத்திரிகையில் ஒருமுறை பிரசுரிக்க ஒரு விலை. வியாபார விளம்பரத்துக்கு அதைவிடப் பன்மடங்கு. எதற்கு, எத்தனை காலத்துக்கு, எந்தப் பிரதேசத்துக்கு என்பதைப் படமெடுக்கப் போகுமுன்பே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிக்காவிட்டால் ஐந்து வருஷமென்றும், இடத்தைக் குறிக்காவிட்டால் இந்தியா முழுவதுமென்றும் சட்டமே வைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் உபதேசித்துவிட்டு நிமிர்ந்தபோது என் மனச்சாட்சி என்னைக் குத்தியது. சென்ற வருஷம் எங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்கு இவனை அழைத்து, நாள் முழுவதும் படமெடுக்கச் சொல்லி, ஒரு பொன்னாடையைப் போர்த்தி அனுப்பியவன் அடியேன்தான். பந்தல்காரருக்கும் மைக்செட்காரருக்கும் பேசிய தொகையை ரூபாய் குறையாமல் எண்ணிக் கொடுத்ததும் இதே கைதான். பையன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

"இந்த வருஷமும் உன்னைத்தான் கூப்பிடப் போகிறோம். முழு விலையையும் எழுதி அனுப்பு. பள்ளிக்குச் சலுகை காட்ட விரும்பினால், அதையும் கீழே எழுதிக் கழி. எழுதாத தானம் யார் கண்ணிலும் படாது" என்றேன்.

விழாவுக்குப் பத்து நாள் முன்பே கடிதம் வந்தது: 'கட்டணம் ரூ. 6,000. பழைய மாணவனின் நன்கொடை ரூ. 3,000. பாக்கி ரூ. 3,000. படங்கள் பள்ளியின் உபயோகத்துக்கு மட்டும், பதிப்புரிமை எடுப்பவனுடையது.' பொருளாளர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார்; முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்திட்டார். விழாவன்று, நன்கொடையாளர் பலகையில் அரிசி ஆலை முதலாளிக்கு அடுத்த வரியில் அவன் பெயர் இருந்தது.

காமிரா இன்னும் அவன் தோளில்தான் இருக்கிறது.