அந்த நாற்பது சதவீதம் யார் வீட்டில் நடக்கும்?



பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதம் கலப்புமுறைக் கற்றல் பற்றி ஒரு கருத்துக் குறிப்பு வெளியிட்டது. ஒவ்வொரு தாளிலும் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம், மீதி 60 சதவீதம் வகுப்பறையில் என்பது அதன் சாரம். கொரோனா காலத்து ஏற்பாடு என்று நாம் நினைத்தோம். கொரோனா போன பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. பலதுறைப் படிப்பு என்று பேசுகிற இடமெல்லாம் கலப்புமுறையும் கூடவே வருகிறது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். அந்த நாற்பது சதவீதம் எங்கே நடக்கும்?

கல்லூரியில் நடந்தால் கட்டடம், மின்விசிறி, வெளிச்சம், நூலகம் எல்லாம் அரசின் செலவு. வீட்டுக்கு மாற்றினால் அது குடும்பத்தின் செலவு. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் 31 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். அரியலூரில் 23 சதவீதம். இந்த வீடுகளில் பெரும்பாலானவை சேரியில், காலனியில் இருக்கின்றன. ஒரே அறை, ஒரே கைப்பேசி, அதுவும் வேலைக்குப் போகும் அப்பாவின் சட்டைப்பையில். சோளம் ஒடிக்கிற, பருத்தி எடுக்கிற நாட்களில் பிள்ளைகளும் காட்டில்தான். 2017-18 தேசிய மாதிரி ஆய்வில், இந்தியக் கிராமங்களில் நூறு வீடுகளுக்கு நான்கில்தான் கணினி இருந்தது. அதற்குப் பிறகு கைப்பேசி பெருகியிருக்கிறது, உண்மைதான். ஆனால் ஐந்து அங்குலத் திரையில் பருவத்தேர்வுக் கட்டுரை எழுதிப் பாருங்கள், தெரியும்.

வடிவமைப்பு ஒரு தொழில்நுட்ப விஷயம், நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. செந்துறைப் பக்கம் குழுமூரில் இருந்து வந்த அனிதாவை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176. நீட்டில் 720-க்கு 86. இரண்டு எண்களும் ஒரே பெண்ணுடையவை. அவர் படித்த பாடத்திட்டம் ஒன்று, தேர்வு கேட்ட பாடத்திட்டம் வேறு. விதியை வகுத்தவர்கள் அந்த வீட்டை ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம்.

இதனால் நாங்கள் கலப்புமுறைக்கே எதிரி என்று யாரும் எண்ண வேண்டாம். 1946-இல் அண்ணல் மும்பையில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகும் மாணவர்களும் படிக்கும்படி காலை வகுப்புகள் வைக்கப்பட்டன. கால அட்டவணையை மாற்றுவதும் சாதி ஒழிப்பு வேலைதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பலதுறைப் படிப்பும் நமக்குப் புதிதல்ல. கொலம்பியாவில் பொருளாதாரம் படிக்கப் போனவர் 1916-இல் மானுடவியல் கருத்தரங்கில் சாதி பற்றிய கட்டுரையை வாசித்தார். சாதியை ஒரே துறைக்குள் வைத்து விளங்கிக்கொள்ள முடியாது என்பதற்கு அவரது வாழ்க்கையே பாடம்.

அப்படி ஒரு தாளை நம் ஊரிலேயே வடிவமைக்கலாம். 'சுண்ணாம்புக்கல்' என்று பெயர் வைப்போம். அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடியில் இருந்தது. அந்தக் கடல் உயிர்களின் ஓடுகள் சேர்ந்த கல்லைத்தான் இன்று வெட்டி சிமெண்ட் ஆலைக்கு அனுப்புகிறார்கள். வாரணவாசியின் புதைபடிவ அருங்காட்சியகமும் சாத்தனூர் கல்மரமும் நிலவியல் பாடம். கல்லைச் சூளையில் சுடும்போது கரியமில வாயு வெளியேறுவது வேதியியல். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காக 2015 சட்டத் திருத்தம் கொண்டுவந்த மாவட்ட கனிம அறக்கட்டளையில் எவ்வளவு பணம் வந்தது, எந்தத் தெருவுக்குப் போனது என்று கேட்பது பொருளாதாரமும் சட்டமும். நிலத்தைக் கொடுத்தது யார், தூசியில் நிற்பது யார், நிரந்தர வேலை கிடைத்தது யாருக்கு என்பது சமூகவியல். சுரங்கத்துக்குப் போன நிலத்தில் 1892 அரசாணைப்படி நம் முன்னோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் இருந்ததா என்பது வரலாறு.

இதில் இணையத்துக்கும் இடம் உண்டு. பட்டா, சிட்டா, அ-பதிவேடு விவரங்களை இணையத்தில் பார்க்கலாம். பழைய பதிவேட்டுக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்ப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். பிறகு வகுப்பில் உட்கார்ந்து விவாதிக்க வேண்டும். இதுதான் உண்மையான கலப்பு.

ஆகவே கலப்புமுறைத் தாள் எதுவாக இருந்தாலும் நாம் கேட்க வேண்டியவை இவை:

ஒன்று, நேரலைக்கு வருகைப்பதிவு கூடாது. பாடம் தமிழில், கல்லூரியிலோ விடுதியிலோ ஒருமுறை பதிவிறக்கி எப்போது வேண்டுமானாலும் பார்க்கும்படி, சிறிய கோப்பாகக் கிடைக்க வேண்டும்.

இரண்டு, இணையப் பகுதிக்கான இடமும் கருவியும் அரசின் பொறுப்பு. சமூகநீதி விடுதி என்று பெயர் மாறியிருக்கும் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் கணினி வைக்க வேண்டும். பெயர் மாறினால் போதாது, மின்சாரமும் இணையமும் வர வேண்டும்.

மூன்று, களப்பணிக் குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும். "நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்" என்றால் அது சாதிவாரியாகத்தான் சேரும். அகமதிப்பீட்டு விடைத்தாள்களில் பெயர் மறைக்கப்பட வேண்டும்.

நான்கு, காணொளியைக் காட்டி ஆசிரியர் பணியிடத்தைக் குறைக்கக் கூடாது. பதிவுசெய்த பாடத்துக்கு இனச்சுழற்சி கிடையாது. ஒரு பணியிடம் போனால் நம் பிள்ளை ஒருவர் பேராசிரியராகும் வாய்ப்பும் போகிறது.

உங்கள் கல்லூரியில் பாடத்திட்டக் குழு எப்போது கூடுகிறது என்று விசாரியுங்கள். துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். பாடத்திட்டம் அச்சான பிறகு போராடுவதைவிட, அது எழுதப்படும் மேசைக்கு முன்னால் போய் நிற்பது எளிது.

ஜெய் பீம்!