எக்கன்றை நடுவது?

குளிர்நாட்டு உழவர் இலையுதிர் காலத்தில் விதைக்கும் கோதுமை, பனிக்காலக் குளிரைப் பெற்றாலன்றிச் செவ்வனே கதிர் விடாது. ஆகவே, தம் நிலத்தின் குளிருக்கேற்ற இனத்தை ஆராய்ந்தே அவர் விதை எடுப்பார். தேர்வு பிழைத்தாலும் ஓராண்டே நட்டம். நம் மலையகத்திலோ அவ்வாறன்று. இன்று நடும் தேயிலைக் கன்று நம் பேரர் காலத்திலும் கொழுந்து தரும். பிழையாகத் தெரிந்தால் அப்பிழையும் அத்தனை காலம் நிற்கும்.

முன்னாளில் தேயிலையை விதையிலிருந்தே வளர்த்தனர். ஒரே மலையில் ஒரு செடி செழிக்கும், மற்றொன்று சோரும். பின்னர், நன்கு விளையும் தாய்ச்செடியின் கிளையைத் துண்டுகளாக வெட்டித் தவறணையில் வேரூன்றச் செய்யும் முறை வந்தது. அதுவே தோட்டங்களில் வழங்கும் 'வீ.பி.' தேயிலை.

1925இல் தோன்றித் தலவாக்கலையில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய இனங்கள் பலவற்றை இலக்கமிட்டு வெளியிட்டுள்ளது. 'டீ.ஆர்.ஐ. 2025' வரட்சியைத் தாங்கும், 'டீ.ஆர்.ஐ. 2023' வரட்சியில் வாடும். (இவை ஆண்டுகளல்ல, இன இலக்கங்கள்.) ஆயினும் வரட்சி ஒன்றையே நோக்கித் தெரிதல் போதாது. 1946இல் இலங்கையை அடைந்த கொப்புள நோய் இளங்கொழுந்தையே பற்றுவது. ஹட்டன் பக்கத்து மழையும் மூடுபனியும் அதற்கு உகந்தவை. நுவரெலியாவிலோ தை மாத உறைபனி கொழுந்தைக் கருக்கிவிடும்.

அப்படியாயின் சிறந்த இனம் ஒன்றையே எங்கும் நட்டுவிடலாமே எனின், அது தகாது. ஒரு தாயின் துண்டுகள் யாவும் இயல்பில் ஒரே செடியே. ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தும். 1869இல் இலைத்துரு நோய் தோன்றியபோது இம்மலைகளை நிறைத்திருந்தது பெரும்பாலும் ஒரே வகைக் கோப்பி. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் அத்தொழில் அழிந்தது. அதை நம்பி வந்த நம் முன்னோர் பட்ட பாடு சிறிதன்று. மலைக்கு மலை இனத்தை மாற்றி நடுதலே காப்பு.

கன்றைத் தெரிபவர் ஒருவர். கொழுந்து பறிப்பவர் மற்றொருவர். விளைவு குன்றினால், நிறுக்கும்போது குறைவது பறிப்பவரின் கூடையே. மாணவர்காள்! விடுமுறையில் இல்லம் சென்றால் உங்கள் அன்னையரைக் கேளுங்கள்: எம்மலை வெயிலில் முதலில் வாடுகிறது? எங்கே பனி நெடுநேரம் தங்குகிறது? நாள்தோறும் அம்மலைகளில் நிற்பவர் அறிந்தது அது. ஆராய்ச்சியாளர் அறிவுரையோடு அவ்வறிவையும் சேர்த்துக் கன்றைத் தெரிவதே முறையென நாம் கருதுகிறோம்.