நாயோடு ஓர் இரவு: கிடையை மறந்தவர்களுக்கு

மண்ணச்சநல்லூரை ஒட்டிய தோப்புகளில் வார இறுதியில் கூடாரம் அடித்து, வளர்ப்பு நாய்களோடு ஓர் இரவு தங்கி வருவது எங்கள் வழக்கம். இதைக் கேள்வியுறும் இலக்கிய அன்பர்கள் இரண்டு குற்றங்களைச் சாட்டுகிறார்கள். இது மேலைநாட்டு மோகம் என்பது ஒன்று. கூடாரமென்றால் கொடைக்கானல் போகவேண்டாமா, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நாயோடு படுப்பதில் என்ன இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டையும் மறுக்கிறோம்.

அறுவடை முடிந்த வயலில் ஆட்டு மந்தையை இரவில் மடக்கி, நாயைக் காவல் வைத்து வெட்டவெளியில் படுப்பதற்குத் தமிழில் 'கிடை' என்று பெயர். இராமநாதபுரச் சீமைக் கீதாரிகள் காவிரிப் படுகைவரை வந்து கிடை போடுவதை உழவர்கள் அறிவார்கள். கி. ராஜநாராயணனின் 'கிடை'யைப் பாராட்டி மேடையில் பேசுவோர், அந்த வாழ்வின் நிழல் எங்கள் தோப்பில் விழுந்தால் மட்டும் அந்நியம் என்பது விந்தை.

நாய் எங்கிருந்து வந்தது என்போர் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூருக்குச் சென்று பார்க்கலாம். முதலாம் மகேந்திரவர்மன் காலத்து, 7ஆம் நூற்றாண்டு நடுகல் அங்கே நிற்கிறது. வீரன் கருந்தேவக்கத்தியின் அருகில் அவனது நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரு கள்ளரைக் கடித்து அது காத்துநின்றதைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் தெருநாய்கள் பற்றிய உச்ச நீதிமன்ற ஆணைகள் வந்தது முதல், நம் விவாதங்களில் நாய்க்கு இரண்டே இடங்கள்தாம்: ஒன்று கொஞ்சல், இல்லையேல் வெறுப்பு. உடனுழைக்கும் தோழமை என்ற மூன்றாவது இடத்தை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

இனித் தொலைவு. காப்புக்காட்டுக்குள் நாயைக் கொண்டுபோவது காட்டுயிர்களுக்குக் கேடு. நாய் அவற்றைத் துரத்தும், நோயையும் பரப்பும். ஆகவே நாயோடு தங்க உகந்த இடம் ஊரருகேதான். மருதத்துக்கு வைகறை, முல்லைக்கு மாலை என்று வகுப்பில் சிறுபொழுது சொல்லிக் கொடுக்கிறோம். நெல் அரைவை ஆலைகளுக்குப் பெயர்பெற்ற இந்த ஊரில் பிறந்த மாணவர்களுள், வைகறையில் வயலைப் பார்த்தவர் எத்தனை பேர்? நாய் முதலில் விழிக்கும். அதன் செவி நிமிரும் திசையில் நாமும் திரும்புவோம். நூறு மைல் காரோட்டிக் களைத்தவருக்கு இது வாய்க்காது.

எனினும், மரபைச் சொல்லி உரிமை கோருவோர் அதன் கடமையையும் ஏற்கவேண்டும். கிடை போட்ட வயல் புழுக்கையால் வளம்பெறும். அதற்காகவே உழவர் கூலி கொடுத்துக் கிடையை அழைக்கிறார். வார இறுதிக் கூட்டம் கொள்ளிடக் கரையில் விட்டுச்செல்வதோ உடைந்த போத்தல்கள். ஆகவே எங்கள் விதிகள் கண்டிப்பானவை. நிலத்துக்காரரின் இசைவு வேண்டும். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மாடும் மயிலும் நடமாடும் இடத்தில் கயிறு கட்டாயம். ஆற்று மணலில் இரவு தங்குவதில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிட மதகுகள் ஒன்பது உடைந்ததை இந்த வட்டாரம் மறக்காது.

கூடாரத்துணி எந்த நாட்டில் நெய்யப்பட்டது என்று ஆராய்வதில் பயனில்லை. எழுந்து வரும்போது நிலத்தை எப்படி விட்டு வருகிறோம் என்று கேளுங்கள். மோகமா, மரபா என்பது அதில் தெரிந்துவிடும்.