கடலுக்குப் போங்க, கடனுக்குப் போகாதீங்க

சேலம், நாமக்கல் பக்கம் வளர்ந்தவங்களுக்குக் கடல்னா ஒரு ஏக்கம் இருக்கத்தான் செய்யும். நமக்கு ஏற்காடு இருக்கு, கொல்லிமலை இருக்கு, காவிரி இருக்கு. கடல் மட்டும் இல்ல. வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷத்துல 'அந்தமான் போலாமா, பாலி போலாமா'ன்னு நண்பர்களோட பிளான் போடுறதுல எந்தத் தப்பும் இல்ல. ஒரு ஆடிட்டரா நான் சொல்றது இவ்வளவுதான்: தாராளமா போங்க, ஆனா காசு சேர்த்துட்டுப் போங்க. 'இப்போ போங்க, அப்புறம் கட்டுங்க'ன்னு ஆப்ல வர்ற ட்ராவல் லோனை நம்பிக் கிளம்பாதீங்க.

கணக்கைப் பாருங்க. 60,000 ரூபாய் லோன், 16 சதவீத வட்டி, 12 மாசம்னு வெச்சுக்குவோம். இஎம்ஐ சுமார் 5,444 ரூபாய். வட்டி மட்டும் 5,300-க்கு மேல போகும். ப்ராசசிங் ஃபீ தனி. அதே மாதிரி மாசம் 5,000 ரூபாயை 6.5 சதவீத ஆர்டியில ஒரு வருஷம் போட்டா, உங்க கைக்குச் சுமார் 2,100 ரூபாய் வட்டி வரும். ரெண்டுக்கும் வித்தியாசம் 7,400 ரூபாய். 'நோ காஸ்ட் இஎம்ஐ தானே சார்?'னு கேப்பீங்க. கிரெடிட் கார்டுல அப்படி எடுத்தாலும் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையிலதான் விழும்.

வட்டியைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. ட்ரிப் அஞ்சே நாள்ல முடிஞ்சிடும், இஎம்ஐ ஒரு வருஷம் ஓடும். நடுவுல வேலை மாறணும்னு தோணலாம், வீட்டுல ஒரு ஆஸ்பத்திரி செலவு வரலாம். அந்த நேரத்துல கையைக் கட்டிப் போடுறது இந்தச் சின்ன லோன்தான். 'வயசு இருக்கும்போதே அனுபவிக்க வேணாமா?'ங்கிற கேள்வி நியாயம்தான். நான் தள்ளிப் போடச் சொல்றது ஒரே ஒரு வருஷம்.

சரி, அந்தமானையே எடுத்துக்குவோம். அங்க காசு எங்கெங்க வீணாப் போகும்னு தெரிஞ்சுக்கிட்டா பட்ஜெட் தானா குறையும்.

எப்போ போறது? மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரை நல்ல மழை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்துல ரேட் எகிறும். பொங்கல் முடிஞ்சு ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரை கடல் அமைதியா இருக்கும். ஸ்கூல் பிள்ளைங்களுக்குப் பரீட்சை நேரம்ங்கிறதால குடும்பக் கூட்டமும் கம்மி.

எப்படிப் போறது? சென்னையில இருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு ஃப்ளைட்ல ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். போர்ட் பிளேருக்கு 2024-ல வெச்ச பேருதான் இது. டிக்கெட் தேடும்போது ரெண்டு பேரையும் போட்டுப் பாருங்க. கப்பல்ல போனா ஒரு வழிக்கே மூணு நாள் ஆகும். உங்க லீவுக்கும் விலை இருக்கு, அதையும் கணக்குல சேருங்க. சேலத்துல இருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து தனியா இன்னொரு டிக்கெட்னு எடுத்தா, முதல் பயணம் லேட்டாகி அடுத்த ஃப்ளைட்டை விட்டா நஷ்டம் உங்களோடது. அதிகாலை ஃப்ளைட்னா முந்தின நாளே சென்னை போயிடுங்க.

ஹேவ்லாக் தீவோட இப்போதைய பேரு ஸ்வராஜ் தீவு. அங்க போற ஃபெரியை ஃப்ளைட் போட்ட கையோட புக் பண்ணுங்க. கடல் கொந்தளிச்சா ஃபெரி ஓடாது. அதனால கடைசி ராத்திரியைத் தீவுல வெக்காம ஸ்ரீ விஜயபுரத்துல தங்குங்க. இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காம ரிட்டர்ன் ஃப்ளைட்டை விட்டா, ஆர்டியில வந்த வட்டியெல்லாம் ஒரே நாள்ல போயிடும். சின்னத் தீவுகள்ல நெட்வொர்க் சொதப்பும், கையில கொஞ்சம் ரொக்கம் வெச்சுக்கோங்க. குளிர்காலத்துல சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடும், சுத்துறதை விடியக்காலையிலயே ஆரம்பிங்க.

பேக்கேஜ் எடுக்குறீங்கன்னா, அட்வான்ஸை யாரோ ஒருத்தரோட சொந்த யுபிஐக்கு அனுப்பாதீங்க. கம்பெனி பேருல உள்ள அக்கவுண்டுக்கு அனுப்பி, ஜிஎஸ்டி நம்பரோட பில் வாங்குங்க. கேன்சல் பண்ணா எவ்வளவு திரும்ப வரும்னு எழுத்துல கேளுங்க.

இப்போ வரி. 'எல்டிஏ இருக்கே சார், அதுல பாதி செலவு வந்துடும்'னு நிறைய பேர் நினைக்கிறாங்க. புது வரி முறையில எல்டிஏ விலக்கு கிடையாது. பழைய முறையில இருந்தாலும் போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டும்தான். ஹோட்டல், சாப்பாடு, ஸ்கூபாவுக்கெல்லாம் இல்ல. நாலு காலண்டர் வருஷத்துக்கு ரெண்டு பயணம், அதுவும் இந்தியாவுக்குள்ள மட்டும். அந்தமானுக்குப் பொருந்தும், பாலிக்குப் பொருந்தாது. வெளிநாட்டு பேக்கேஜ்னா விலைக்கு மேல டிசிஎஸ் வேற பிடிப்பாங்க. ரிட்டர்ன்ல அதைக் கழிச்சுக்கலாம்னாலும், அதுவரைக்கும் உங்க பணம் முடங்கித்தான் கிடக்கும்.

அதனால இன்னிக்கு ஒரு வேலை செய்ங்க. சம்பளம் வர்ற தேதிக்கு மறுநாள் காசு போற மாதிரி ஒரு ஆர்டி ஆரம்பிங்க. பேங்க் ஆப்ல பேரு வெக்க வசதி இருந்தா 'அந்தமான்'னு வைங்க. நடுவுல புது போன் ஆசை வந்தாலும் அதை உடைக்க மனசு வராது.