பெயர் ஒன்றானால் போதுமா?

“இரண்டு கணினியிலும் பயனர்பெயர் ஒன்றுதானே, கோப்பு ஏன் திறக்காது?” லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பவர்களில் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். நெட்வொர்க் சேமிப்பகத்தில் இந்த நம்பிக்கை செல்லாது.

வட்டில் கோப்பின் உரிமையாளராகப் பதிவாவது பெயரல்ல; யூ.ஐ.டி. என்ற எண். 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய, கோப்புகளை நெட்வொர்க் வழியே பகிரும் என்.எஃப்.எஸ்., வழக்கமான அமைப்பில் அந்த எண்ணைத்தான் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வரும் அதை அப்படியே நம்புகிறது. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸில் 6ஆம் பதிப்பு வரை சாதாரணப் பயனர் எண்கள் 500இல் தொடங்கின, 7இலிருந்து 1000. பழைய கணினியில் 500ஆக இருந்த கவிதா புதியதில் 1000 ஆகிவிட்டால், சர்வருக்கு அவர் வேறு ஆள். அந்த 1000 ஏற்கெனவே அருள் என்ற இன்னொருவரின் எண்ணாக இருந்தால் இன்னும் மோசம்: அருளின் கோப்புகள் கவிதாவுக்குத் திறந்துவிடும்.

“என்.எஃப்.எஸ். 4 பெயரையே அனுப்புமே” என்பார்கள். பாதி உண்மை. உரிமையாளரைக் காட்டவும் மாற்றவும் பெயர் போகலாம். கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு இல்லாத இடத்தில் அனுமதியைத் தீர்மானிப்பது அப்போதும் எண்தான். அதனால் பட்டியலில் கவிதாவின் பெயர் சரியாகத் தெரியலாம். சேமிக்கப் போனால் அனுமதி மறுக்கப்படும். இந்த முரண்தான் ஆளைச் சுற்றவிடுகிறது. டொமைன் பெயர் இரு பக்கமும் பொருந்தாவிட்டால் உரிமையாளரை ‘நோபடி’ என்று காட்டும்.

எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777ஐக் கொடுத்துவிடலாம் என்பது தீர்வே அல்ல. நாளை உருவாகும் கோப்புக்கு அது பொருந்தாது. இன்றுள்ள கோப்புகளோ யார் வேண்டுமானாலும் திருத்தும் நிலைக்கு வந்துவிடும்.

எண்களை ஒன்றாக்குவதுதான் வழி. அதற்கு “யூசர்மாட் கட்டளையைக் கொடுத்தால் எல்லாம் மாறிவிடும்” என்பதும் தவறு. அது பயனரின் ஹோம் அடைவில் உள்ளவற்றையும் அஞ்சல் பெட்டியையும் மட்டுமே மாற்றும். மற்றவற்றைச் சர்வரில் பழைய எண்ணைக் கொண்டு தேடி மாற்ற வேண்டும். வரிசையும் முக்கியம்: அருளை 1000இலிருந்து நகர்த்தாமல் கவிதாவின் கோப்புகளை 1000ஆக்கினால் இருவருடையதும் கலந்துவிடும், பிறகு உரிமையாளர் எண்ணை வைத்துப் பிரிக்கவே முடியாது. ஏ.சி.எல். அனுமதிகளில் இருக்கும் பழைய எண்ணையும் தனியாகத் திருத்த வேண்டும்.

காப்புப் பிரதிகளில் பழைய எண்கள் அப்படியே இருக்கும். எண்ணை மாற்றாமல் மீட்டெடுத்தால் அவையே திரும்ப வரும். ஆகவே, பழைய எண், புதிய எண், மாற்றிய நாள் மூன்றும் உள்ள பட்டியலை, மாற்றத்துக்கு முந்தைய கடைசிப் பிரதி அழிக்கப்படும்வரை வைத்திருக்க வேண்டும்.