உதிர்வதே பிழைக்கின்றது

அறுவடைக்கு இரு வாரங்கள் இருக்கையில் கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளில் வரம்போரம் நின்று பார்த்தால், பயிரை மேவித் தலைதூக்கி நிற்கும் சில கதிர்கள் கண்ணிற்படும். பார்வைக்கு நெல்லே, கைபட்டதும் மணிகள் உதிர்ந்துவிடும். இதுவே களைநெல். 1990களில் இந்நாட்டில் இது முதலில் அவதானிக்கப்பட்ட பிரதேசங்களுள் அம்பாறை மாவட்டமும் ஒன்றாகும்.

இதற்குப் புதியதொரு களைநாசினி வரும் என்று நமது விவசாயிகள் காத்திருக்கின்றனர். அந்த எதிர்பார்ப்பு சரியானதென நாம் கருதவில்லை. டார்வின் என்றதும் முகஞ்சுளிப்போர் நம்மிடையே உண்டு. எனினும் 1859 இல் வெளியான அவரது நூலின் முதல் அத்தியாயம், மனிதன் வளர்க்கும் பிராணிகளையும் பயிர்களையும் பற்றியதே. வயலில் இறங்கிய எவருக்கும் அது புதிதன்று.

முற்றியதும் உதிர்வது காட்டுநெல்லின் இயல்பு. உதிராத கதிர்களையே அறுத்து, அவற்றையே மறுபோகம் விதைத்து, நம் முன்னோர் அவ்வியல்பை மாற்றினர். அதே தேர்வைப் பத்தலகொட ஆராய்ச்சி நிலையம் திட்டமிட்டுச் செய்தது. 1958 இல் வெளியான எச்-4 இனம், நம் நாட்டு முருங்கக்காயனையும் இந்தோனேசிய நெல்லொன்றையும் கலந்து பெறப்பட்டதாகும்.

வயலோ எதிர்த்திசையில் தேர்ந்துகொண்டிருக்கின்றது. நாற்று நடுகை அருகி, வீசி விதைப்பதே வழக்கமாகிவிட்டது. இதனால் பயிரும் களைநெல்லும் ஒன்றாகவே முளைக்கின்றன. களைநெல்லும் நெல்லினமே என்பதால் மருந்துக்கு வேறுபாடு தெரிவதில்லை. உயர்ந்து நிற்பதைப் பிடுங்குகின்றோம். பயிரளவே வளர்வது தப்பிவிடுகின்றது. அறுவடை இயந்திரம் வருமுன்னரே பாதி மணிகள் மண்ணில் விழுந்துவிடுகின்றன. மீதியில் ஒரு பங்கு விதைநெல் மூட்டைக்குள்ளும், மறுபங்கு இயந்திரத்தோடு அடுத்த வயலுக்கும் செல்கின்றது. நம்மை அறியாமல் நாமே வளர்த்தெடுக்கும் இனம் இது.

மலேசியாவின் அனுபவமும் கவனத்திற்குரியது. குறித்தவொரு களைநாசினியைத் தாங்கும் நெல்லினம் 2010 இல் அங்கு அறிமுகமானது. சில ஆண்டுகளிலேயே அம்மருந்துக்கு மசியாத களைநெல் தோன்றிவிட்டது.

எனவே, மாற வேண்டியது விவசாய முறையே. அத்தாட்சிப்படுத்தப்பட்ட விதைநெல், வயல் மாறுமுன் இயந்திரத்தைத் துப்புரவு செய்தல் ஆகியன தனியொருவர் செய்தால் பயனற்றவை. பக்கத்து வயலிலிருந்து அது மீண்டும் வந்துவிடும். விதைப்புக்கு முன் நீர்பாய்ச்சி, களைநெல்லை முளைக்கவிட்டு உழுதழிப்பது மற்றொரு வழி. பெரும்போக அறுவடைக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடையிலான அவகாசம் குறுகியது என்பது மெய்யே. அதற்குள் சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து இரு வாரங்கள் முந்தி நீர் திறக்க முடியுமா என்பதை சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் வட்டை விதானைமார் எழுப்ப வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்களம் அங்கேயே பதிலளிக்கட்டும்.