செல்லப் பிராணிகளின் மருத்துவச் செலவு: காப்பீடு மட்டும் போதுமா?

புது டெல்லி: மும்பை மகாலட்சுமி பகுதியில் டாடா அறக்கட்டளைகள் சுமார் 165 கோடி ரூபாய் செலவில் நிறுவிய சிறு பிராணிகளுக்கான மருத்துவமனை 2024-ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கியது. மறைந்த தொழிலதிபர் ரத்தன் டாடாவின் நெடுநாள் விருப்பம் இது. எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன், தீவிர சிகிச்சைப் பிரிவு என மனிதர்களுக்கு உரியவையாகக் கருதப்பட்ட வசதிகள் இன்று பெருநகரங்களில் நாய்க்கும் பூனைக்கும் கிடைக்கின்றன. சிகிச்சை விரிவடைய, கட்டணமும் உயர்கிறது. அதற்கான பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதே பல குடும்பங்களின் முன் நிற்கும் கேள்வி.

இதற்கு விடையாகக் காப்பீடு முன்வைக்கப்படுகிறது. ஆனால், இந்தியாவில் பிராணிகளுக்கான காப்பீடு தோன்றிய விதத்தை அறிந்தால்தான் அதன் எல்லை புரியும். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் நீண்ட காலமாக நாய்களுக்குப் பாலிசி வழங்கி வந்தாலும், அவை கால்நடைக் காப்பீட்டை ஒட்டியே அமைந்தவை. பசு இறந்தால் அதன் விலையை விவசாயிக்கு ஈடுசெய்வதே கால்நடைக் காப்பீட்டின் நோக்கம். நாய் வளர்ப்பவரின் தேவை வேறு. இறந்த நாயின் விலையை அவர் கேட்பதில்லை. அது பிழைப்பதற்கான செலவையே கேட்கிறார்.

2020-ஆம் ஆண்டில் அன்றைய பஜாஜ் அலையன்ஸ் பொதுக் காப்பீட்டு நிறுவனம், அறுவை சிகிச்சை மற்றும் மருத்துவமனைச் செலவை உள்ளடக்கிய நாய்க் காப்பீட்டை அறிமுகப்படுத்தியது. அதன் பின்னர் வேறு சில தனியார் நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின.

அரசின் ஆதரவு கால்நடைகளுடன் நின்றுவிடுகிறது. தேசிய கால்நடை இயக்கத்தின்கீழ் பிரீமியத்தில் விவசாயியின் பங்கை 15 சதவீதமாகக் குறைக்க மத்திய அமைச்சரவை 2024 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது. மீதத்தை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. செல்லப் பிராணிகளுக்கு இத்தகைய மானியம் இல்லை. வருமான வரியில் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு அளிக்கப்படும் கழிவும், 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. விலக்கும் மனிதர்களுக்கான பாலிசிகளுக்கு மட்டுமே உரியவை.

விதிவிலக்குகளே முக்கியம்

பாலிசி எடுப்பவர் முதலில் படிக்க வேண்டியது விதிவிலக்குகளின் பட்டியலை. பாலிசிக்கு முன்பே இருந்த நோய்கள் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. தடுப்பூசியால் தவிர்க்கக்கூடிய பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கு, உரிய காலத்தில் தடுப்பூசி போட்டதற்கான சான்று இல்லையெனில் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். தொடக்கத்தில் காத்திருப்புக் காலமும் உண்டு. பெரிய இன நாய்களுக்கு வரும் இடுப்பு மூட்டுக் கோளாறு போன்ற பரம்பரை நோய்கள் சேருமா என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு இதனை விளக்கும். காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய். உரிமையாளரின் பங்கு 20 சதவீதம். மருத்துவமனைக் கட்டணம் 40,000 ரூபாய் எனில், அதில் 5,000 ரூபாய் பாலிசியில் சேராத இனங்கள் என வைத்துக்கொள்வோம். எஞ்சிய 35,000 ரூபாயில் 7,000 உரிமையாளரின் பங்கு. நிறுவனம் தருவது 28,000. குடும்பம் ஏற்பது 12,000. அதைவிட முக்கியமானது, முழுக் கட்டணத்தையும் முதலில் செலுத்திவிட்டுப் பின்னர் திரும்பப் பெறும் முறையிலான பாலிசி எனில், சிகிச்சை நாளன்று கையில் 40,000 ரூபாய் இருந்தாக வேண்டும்.

ஆகவே, காப்பீடு சேமிப்புக்கு மாற்றாகாது. தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணி மருந்து போன்ற ஆண்டுதோறும் வரும் செலவுகளை மாத வரவு செலவிலேயே சேர்த்துவிட வேண்டும். மாதம் 1,000 ரூபாய் தனிக் கணக்கில் ஒதுக்கினால், ஓராண்டில் மேற்கண்ட 12,000 ரூபாய் சேர்ந்துவிடும். விபத்து, அறுவை சிகிச்சை போன்ற எதிர்பாராத பெருஞ்செலவுக்கே காப்பீடு பொருந்தும்.

காலம் தாழ்த்தலாகாது

பாலிசிகள் நுழைவு வயதுக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. நோய்கள் மிகும் முதுமையில் காப்பீட்டைத் தேடுபவருக்குக் கதவு பெரும்பாலும் மூடப்பட்டிருக்கும். குட்டியாக இருக்கும்போதே முடிவெடுப்பது நல்லது. அடையாளத்தை உறுதிசெய்யும் மைக்ரோசிப், தடுப்பூசி அட்டை, உரிமம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருப்பது கோரிக்கையின்போது உதவும். சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியிருப்பதால், அங்குள்ளோரிடம் இவற்றில் இரண்டு ஏற்கெனவே இருக்கும்.

கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் எழுத்து மூலம் புகார் அளிக்க வேண்டும். தீர்வு கிடைக்காவிடில், ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தையும் காப்பீட்டு ஒம்புட்ஸ்மேனையும் அணுகலாம்.

காப்பீடு எடுக்க இயலாதவர்களுக்கு, சென்னை வேப்பேரியிலும் பரேலியிலும் உள்ளவை போன்ற அரசு கால்நடைக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் மருத்துவமனைகள் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை தருகின்றன. அருகில் அத்தகைய மருத்துவமனை எங்குள்ளது, இரவில் இயங்குமா என்பதை நோய் வருமுன் விசாரித்து வைப்பதும் நிதித் திட்டமிடலின் ஒரு பகுதியே. அவ்வாறு முன்னேற்பாடு இல்லாத குடும்பங்கள், பிழைக்கக்கூடிய பிராணியின் சிகிச்சையைப் பணமின்றிப் பாதியில் நிறுத்த நேரிடும்.